மழுங்கிய பல்

லீலாவின் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பது அவள் வேலை பார்க்கிற ஒரகடம் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வருஷமாக அவள் பல் பார்க்கிறாள். டாக்டர் இல்லை. வண்டி மோட்டாருக்குள் போகிற சின்ன கியர் ஒன்று இருக்கிறது, கட்டைவிரல் அகலம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு பல். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து எண்ணூறு கியர் அவள் விளக்குக்குக் கீழே வரும். பல் கூராக, ஒன்றைப்போல் ஒன்று, கீறல் இல்லாமல் இருந்தால் ஓ.கே. ஒரே ஒரு பல் மழுங்கியிருந்தாலும், முனை தேய்ந்திருந்தாலும், ஓரம் பெயர்ந்திருந்தாலும் என்.ஜி., அதாவது நாட் குட். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. அதை இன்னமும் கான்ட்ராக்டில்தான் பார்க்கிறாள் என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும்.

என்.ஜி. ஆன கியரைச் சும்மா சிவப்பு டப்பாவில் போட்டுவிடக் கூடாது. சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்து, பல்லைச் சிதைத்துவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் எவனாவது நல்லதோடு கலந்துவிடுவான், யாரோ ஒரு குடும்பத்தின் வண்டி நடுரோட்டில் நிற்கும். தள்ளினால் உடைத்துத்தான் தள்ள வேண்டும். அந்தப் பழக்கம் அவள் கையில் ஊறிப்போயிருந்தது.

இனி வீட்டு நிலவரம். சேரப்பணஞ்சேரியைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டிப் பதினேழு வீடுகள். எல்லாம் புறம்போக்கு. கரன்ட் பில் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் அடுப்படி வரைக்கும் வந்து கும்பிடுகிறார்கள், பட்டா மட்டும் கிடையாது. புதிதாக வரும் தொழிற்பேட்டைக்கு லாரி போகிற ரோடு அந்தக் கரைமேல்தான் வந்தாக வேண்டுமாம். திங்கட்கிழமை காலை இடிப்பு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மாற்று வீடு வேண்டும் என்கிறவர்கள் சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வீடு வாலாஜாபாத்துக்கும் அந்தப் பக்கம், அடுக்குமாடியில். அங்கே கம்பெனி பஸ் வராது. மகள் சுகப்பிரியா பள்ளிக்கூடம் போக இரண்டு பஸ் மாற வேண்டும், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அவள் பன்னிரண்டாவது படிக்கிறாள். மார்ச்சில் பரீட்சை.

பதினாறு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். லீலா போடவில்லை, புருஷன் புருஷோத்தமனையும் போட விடவில்லை. அவள் ஒன்றும் கோட்டை கேட்கவில்லை. பரீட்சை முடிகிற வரைக்கும் அந்த வீடு நின்றால் போதும். கார்த்திகை, மார்கழி என்று விரல் விட்டு எண்ணினால் ஐந்து மாதம்கூட முழுசாக வரவில்லை. அந்த ஐந்து மாதத்துக்கு அவள் நம்பியிருந்தது ஒரு பச்சை பிளாஸ்டிக் பக்கெட் நிறைய இருந்த கற்களை.

கோடையில் ஏரியில் பொக்லைன் இறக்கி மண் எடுத்தார்கள். லாரியில் ஏற்றும்போது சிந்தின மண் இவர்கள் வீட்டுக்குப் பின்னால் மேடாகக் கிடந்தது. ஒரு மழை பெய்து கழுவியதும் அதிலிருந்து வெள்ளையும் பழுப்பும் கறுப்புமாகப் பல் பல்லாகத் தெரிய ஆரம்பித்தது. சுகப்பிரியாதான் பொறுக்கிப் பக்கெட்டில் சேர்த்தாள். எங்கோ ஓர் ஊரில் ஆதி காலத்து மிருகத்தின் பல் கிடைத்து, ரோடு வேலையையே நிறுத்தி வைத்தார்கள் என்று யாரோ போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். லீலா அதை நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள். பிறகு சுகப்பிரியா தன் கெமிஸ்ட்ரி மிஸ்ஸிடம் சொல்ல, மிஸ் தன்னோடு படித்த ரஞ்சனியின் நம்பரைக் கொடுத்தார். ரஞ்சனி சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். பூமிக்குள் புதைந்து கல்லாகிப்போன எலும்பு, பல் இதெல்லாம்தான் அவள் படிப்பு. பக்கெட்டைத் தரையில் கவிழ்த்து, பரப்பி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார்கள்.

மூன்று நாள் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஷிப்டு இடைவேளையில் போனைத் திறந்தால் ரஞ்சனியின் குரல் செய்தி வந்திருந்தது.

"அக்கா, போட்டோ பாத்தேன். நாளைக்கு மதியம் நானே வரேன். எல்லாம் நல்லா எடுத்து வைங்க. கையில பாத்து உறுதி ஆச்சுன்னா, எங்க சார் அன்னைக்கே கலெக்டருக்கு எழுதிடுவார். சர்வே முடியற வரைக்கும் அந்தக் கரையில யாரும் கை வைக்க முடியாது."

லீலா கேன்டீனிலேயே அழுதுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தார்கள்.

மறுநாள் காலையில் லீலா லீவு போட்டுவிட்டாள். சுகப்பிரியா ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்தாள். புருஷோத்தமன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அன்றைக்கு வண்டியை எடுக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"தபாரு லீலா. பதினாறு வூட்டுக்காரனும் பைத்தியக்காரன், நீ ஒருத்திதான் புத்திசாலியா? வா, போயி கையெழுத்து போட்டுட்டு வந்துடலாம்."

"அந்தம்மா வரட்டும்யா. லெட்டர் தருவாங்க."

"இன்னா லெட்டரு? அஞ்சு மணி தாண்டிச்சின்னா அந்த வூடும் இல்ல, இந்த வூடும் இல்ல. பொண்ண எங்க குந்த வெச்சி படிக்க வெப்ப? ஆட்டோலயா?"

"நாலு மணிக்கி வா. கையில லெட்டர் இல்லன்னா நானே வண்டில ஏறிக்கிறேன். போதுமா?"

அவன் வண்டியைக் கிளப்பினான். வாசலில் இருந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, ஆட்டோ ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனது. மழை ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பள்ளம் அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

லீலா வேலையில் இறங்கினாள். நல்லா எடுத்து வைக்கச் சொன்னார்கள். அவளுக்கு இது தெரியாத வேலையா? நல்லதை எடுத்து வைப்பதுதானே அவள் பிழைப்பே. வேட்டி ஒன்றை நான்காக மடித்துத் தரையில் விரித்து, பக்கெட்டைக் கவிழ்த்தாள். கம்பெனியில் பாகத்தைக் கழுவித் துடைக்காமல் பார்க்கவே விடமாட்டார்கள். அதனால் முதலில் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மண் போகத் தேய்த்தாள். போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எத்தனை அழகான பற்கள்! வெள்ளையாக, முனை ஊசியாக, பட்டை பட்டையாக, கண்ணாடிபோல வழவழவென்று. ஒன்றுக்கு ஒன்று அச்சு அசல். அப்படிப்பட்டவை நாற்பத்திரண்டு தேறின. அவற்றைத் தன் டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து, வரிசை பிசகாமல் அடுக்கினாள். மீதி எல்லாம் குப்பை. சப்பையானது, கோணலானது, ஒரு பக்கம் உடைந்தது, மேலே தேய்ந்தது, அடியில் ஏதோ முண்டும் முடிச்சுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் அந்தம்மா பார்த்தால் நம்மை என்ன நினைப்பார்கள்? நல்ல பல்லுக்கு நடுவே நாலு சொத்தையைப் போட்டுக் கொடுத்தால் மொத்த டப்பாவையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கம்பெனியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

தேங்காய் உடைக்கிற சுத்தியலை எடுத்துவந்து, துணி துவைக்கிற கல்மேல் வைத்து ஒவ்வொன்றையும் அடித்தாள். பெரும்பாலும் ஒரே அடியில் போயின. கறுப்பாக, கட்டையாக, மேல்பக்கம் நெளிநெளியாகக் கோடு ஓடின ஒன்று மட்டும் போக்குக் காட்டியது. முதல் அடிக்கு நழுவித் துள்ளியது. இரண்டாவது அடிக்கு ஓரம் பெயர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது அடி போட்டாள். தூளாகிவிட்டது. எல்லாத் துண்டையும் முறத்தில் வாரி, வாசல் பள்ளத்தில் கொட்டி, காலால் மிதித்துச் சமன் செய்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் புருஷோத்தமன் சாப்பிட வந்தான். போகும்போது பள்ளத்தைப் பார்த்துவிட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல வார்த்தை சொன்னான்.

"பரவால்லியே, பள்ளத்த தூத்துட்ட. சக்கரம் மாட்டவே இல்ல."

ரஞ்சனி ஒன்றரை மணிக்கு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரைமேல் நடந்தே வந்ததில் முழங்கால் வரைக்கும் சேறு. டீ வேண்டாம், தண்ணீர் போதும் என்றாள். கையைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை. "முதல்ல காட்டுங்கக்கா" என்றாள்.

லீலா டிபன் பாக்ஸைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். ரஞ்சனி எட்டிப் பார்த்தாள். பாக்ஸைப் பார்த்தாள், லீலாவைப் பார்த்தாள், மறுபடி பாக்ஸைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து, கழுத்தில் தொங்கிய சின்ன லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"நாய்ப்பல்" என்றாள் மெதுவாக.

லீலா அவள் பக்கம் குனிந்தாள். "நாய்ப்பல்லா? எத்தினி வருசத்து நாயிம்மா?"

"ஐயோ, இல்லக்கா. நாயோட பல் இல்ல. இது கல்லு. சுண்ணாம்புப் படிகம். பாக்க நாயோட கோரப்பல் மாதிரி இருக்கறதால வெள்ளைக்காரன் இதுக்கு அப்படிப் பேர் வெச்சுட்டான்."

"பேரே பல்லுன்னு கீதே? வெள்ளைக்காரனே சொல்லிக்கிறானே?"

ரஞ்சனி பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். தண்ணீர் கலந்த ஆசிட். கல்லின்மேல் ஒரு சொட்டு விட்டாள். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல நுரைத்துப் பொங்கியது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் நுரைத்தது. பத்து, பன்னிரண்டு பார்த்தாள். பெரும்பாலும் நுரைத்தன. நுரைக்காத நாலைந்தைப் பழைய கண்ணாடிச் சில்லின்மேல் கீறினாள். கண்ணாடியில் கோடு விழுந்தது. "இது வெங்கச்சாங்கல், குவார்ட்ஸ்" என்று சொல்லித் தனியாக வைத்தாள்.

"பல்லுன்னா இப்படிப் பொங்காதுக்கா. கண்ணாடியை இவ்வளவு சுலபமா கீறாது. பல்லுக்கு மேல ஒரு பொருள், கீழ ஒரு பொருள். மேல பளபளன்னு எனாமல், அடியில வேர், நடுவுல நரம்பு ஓடின ஓட்டை. இது பாருங்க, உச்சியிலேர்ந்து அடி வரைக்கும் ஒரே பொருள். பட்டை எல்லாம் எவ்வளவு ஒழுங்கா இருக்கு. கல்லுதான் இப்படி ஒழுங்கா வளரும். பல்லு அப்படி இருக்காது. மேஞ்சு மேஞ்சு தேஞ்சிருக்கும். ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், ஓரம் உடஞ்சிருக்கும். ஒன்ன மாதிரி இன்னொன்னு இருக்கவே இருக்காது."

தேய்ந்திருக்கும் என்ற சொல் காதில் விழுந்ததுமே லீலா வாசல் பக்கம் திரும்பினாள். தேய்ந்ததை எல்லாம் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரியும்.

ரஞ்சனி போனை எடுத்து, அவர்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். இடது கீழ் மூலை. கறுப்பாக, கட்டையாக ஒன்று.

"நான் வந்ததே இதுக்காகத்தான். இந்த மேல்பக்கம் பாருங்க, நெளிநெளியா ஓடுதே, அது எனாமல் மடிப்பு. அரைக்கிற பல்லு. பெரிய மாட்டு இனம், ஆனா இன்னைக்கு இருக்கற மாடு இல்லன்னு நினைக்கிறேன். நேத்து ராத்திரி சாரும் பாத்துட்டு அதான் சொன்னார். இது எங்கக்கா?"

"அது என்.ஜி.ம்மா" என்றாள் லீலா.

"என்ன?"

"தேஞ்சிருந்துச்சி. தள்ளிட்டேன்."

ரஞ்சனி மூச்சு விட்டாள். "அவ்வளவுதானே? எங்க தள்ளினீங்க? வாங்க, எடுத்துடலாம்."

"ஒடச்சிட்டுதாம்மா தள்ளுவோம்."

ரஞ்சனிக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் லீலாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். "ஏரியில இன்னும் இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். லீலா கையை நீட்டிக் காட்டினாள். பொக்லைன் தோண்டின இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. பின்னால் கிடந்த மேட்டையும் போன மாதமே ரோட்டுக் கான்ட்ராக்டர் வாரிக்கொண்டு போய்விட்டார். இருந்தது அந்தப் பக்கெட் மட்டும்தான்.

இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். மணி இரண்டேகால். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆட்டோ ஏறி இறங்கின சக்கரத் தடம் பள்ளத்தின் மேல் அழுத்தமாகப் பதிந்திருந்தது. லீலா முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றைத் தோண்டினாள். ரஞ்சனி மாவுச் சல்லடையைக் கேட்டு வாங்கி, பக்கெட் தண்ணீரில் ஒவ்வொரு பிடியாக அலசினாள். சில்லு சில்லாக வந்தது. எது கல், எது பல், எது செங்கல் துணுக்கு, ஒன்றும் தெரியவில்லை.

ரஞ்சனி ஒரு துணுக்கைத் துடைத்து நாக்கு நுனியில் வைத்தாள். "கல்லுன்னா நாக்குல நிக்காம வழுக்கிடும். பல்லோட உள்பக்கம், வேர் இதெல்லாம்னா ஒட்டிக்கும்" என்றாள். லீலா அதற்குமேல் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கையில் வந்ததை எல்லாம் வாயில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். ஆட்டோ சக்கரம் மிதித்த சேறு, சாக்கடைத் தண்ணீர் கலந்த சேறு. வழுக்கியது, துப்பினாள். வழுக்கியது, துப்பினாள். ஒன்று ஒட்டியது. நாக்கை இழுத்துப் பிடித்ததுபோல ஒட்டியது. "ம்மா, ம்மா" என்று வாயைத் திறந்தபடியே ரஞ்சனியைக் கூப்பிட்டாள். அடுத்த வீட்டுக்காரி மூட்டை கட்டுவதை விட்டுவிட்டு வெளியே வந்து, லீலாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து உள்ளே போய்விட்டாள்.

மூன்றரை மணிக்கு ஒன்பது துண்டுகள் இருந்தன. ரஞ்சனி அவற்றை வேட்டிமேல் வைத்து ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தாள். இரண்டு பொருந்தின. மற்றவை எதுவும் சேரவில்லை. நெளிக்கோடு ஓடின அந்த மேல்பக்கம் மாவாகப் போயிருந்தது. அவள் சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அந்த மனிதர் நல்லவர்தான், பொறுமையாகக் கேட்டார்.

"பல்லுதான்ம்மா, அதுல சந்தேகம் இல்ல. ஆனா மேல்பக்கம் இல்லாம எந்த மிருகம்னு எப்படி எழுதறது? ஏரியில போன வருஷம் புதைச்ச மாட்டோட பல்லுன்னு அவங்க சொன்னா நம்மகிட்ட என்ன பதில் இருக்கு? லேபுக்கு அனுப்பு. ரிசல்ட் வரட்டும், அப்புறம் எழுதலாம்."

"எப்ப சார் வரும்?" என்று லீலா கேட்டாள்.

"ரெண்டு மாசம் ஆகும்ம்மா."

போனை வைத்தபிறகு லீலா ரஞ்சனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சேற்றுக் கை. விடவில்லை.

"நீ ஒரு வரி எழுதும்மா. முழுசா பாத்தேன்னு எழுது. போட்டோதான் கீதே."

"முழுசா பாத்தேன்னு எழுதினா அது எங்கன்னு கேப்பாங்கக்கா."

"தொலஞ்சிடுச்சின்னு சொல்லு. பஸ்ல போயிடுச்சின்னு சொல்லு. எம்பேர்ல போடு, அவதான் தொலச்சான்னு."

"அக்கா, நான் ஒரு உடஞ்ச கியரைக் கொண்டாந்து ஓ.கே. போடுங்கன்னு கேட்டா நீங்க போடுவீங்களா?"

லீலா யோசிக்கவே இல்லை. "போடுவேன். எம்பொண்ணு பரிச்சன்னா போடுவேன்."

போன வருஷம் சூப்பர்வைசர் இருபது கியருக்காகக் கெஞ்சியபோது முடியாது என்று சொல்லி, மூன்று மாதம் நைட் ஷிப்டாகவே வாங்கிக் கட்டிக்கொண்டவள் இவள். இப்போது போடுவேன் என்றாளே, அது பொய்யும் இல்லை. சத்தியமாகப் போட்டிருப்பாள். அவளுக்கே தன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ரஞ்சனியின் கண் கலங்கியது. ஆனால் எழுதவில்லை. "நல்லா எடுத்து வைங்கன்னு சொன்னேன்ல, அது என் தப்புக்கா. பத்திரமா அப்படியே வெச்சிருங்கன்னு அர்த்தத்துல சொன்னேன். எதையும் தொடாதீங்கன்னு தெளிவா சொல்லியிருக்கணும்."

"நல்லதா எடுன்னு சொன்னதா நெனச்சேன்" என்றாள் லீலா. பிறகு அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒன் தப்புன்னு சொல்லிட்டு நீ மெட்ராஸ் பஸ் ஏறிப் போய்டுவ. திங்கக்கெயம நான் எங்க போவேன்?" கத்தி முடித்ததும் கோபம் போய்விட்டது. இந்தச் சின்னப் பெண் என்ன செய்வாள்? சேற்றில் உட்கார்ந்து, கூடவே மண்ணை நக்கினாளே, யார் செய்வார்கள்?

ரஞ்சனி துண்டுகளை ஒரு துணிப் பையில் போட்டு, அட்டை ஒன்றில் தேதி, ஊர், ஏரி எல்லாம் எழுதினாள். "கண்டெடுத்தவர்னு உங்க பேர் போடறேன்கா. லீலா, இனிஷியல் என்ன?"

"பு. லீலா. ஒடச்சதும் நான்தான். அதுக்கு எடம் இருந்தா அதயும் எழுதிக்க."

நாலு அடித்து ஐந்து நிமிஷத்துக்கு ஆட்டோ வந்து நின்றது. புருஷோத்தமன் இறங்கவில்லை. வாசல் மறுபடி பள்ளமாகக் கிடந்ததையும், இரண்டு பெண்களும் தலை முதல் கால் வரை சேறாக நின்றதையும் பார்த்தான். லெட்டர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. லீலா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். உள்ளே போய் ரேஷன் கார்டையும் ஆதார் கார்டையும் எடுத்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். ரஞ்சனியை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் பஸ் வந்துவிட்டது.

டோக்கன் கொடுத்த இடத்தில் மேஜையை மடிக்கத் தயாராக இருந்தார்கள். உட்கார்ந்திருந்த அம்மாள் கடைசித் தாளை எடுத்து நீட்டி, "காலையில வந்திருந்தா கீழ் வூடு கெடச்சிருக்கும், இப்ப நாலாவது மாடிதான் கீது" என்றாள். லீலா தலையாட்டினாள். கையெழுத்துப் போட்ட இடத்தில் சேறு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை ஊதினாள். நாலு ஐம்பதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பதினேழாவது வீடும் போயிற்று.

திரும்பும்போது புருஷோத்தமன் வண்டியில் ஆள் ஏற்றவில்லை. ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலுக்காகக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றபோது, முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இன்னாதான் சொல்லிச்சி அந்தப் பொண்ணு? நெசமாவே பல்லா அது?"

லீலா வாயைத் திறந்தாள். பல்தான், ஒன்று இருந்தது, அதற்காகத்தான் அவள் வந்தாள், மூன்று அடியில் நான்தான் உடைத்தேன், நீ ஏற்றி மிதித்தாய் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவன் அடிக்கமாட்டான், திட்டவும் மாட்டான். ஆனால் நாலாவது மாடியில், ஒவ்வொரு நாளும், சுகப்பிரியா விடியற்காலை இருட்டில் பஸ்ஸுக்குக் கிளம்புகிற ஒவ்வொரு நாளும், அவனுக்கு அது தெரிந்திருக்கும். தனக்குத் தெரிந்திருப்பதே போதும் என்று தோன்றியது.

"எல்லாம் கல்லுதானாம்" என்றாள்.

புருஷோத்தமன் தோள் தளர்ந்தது. பல நாளாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைத்தவன்போல ஒரு சிரிப்புச் சிரித்தான். "நான் அப்பவே சொன்னனா இல்லியா? வுடு. இருந்திருந்தா நிறுத்தியிருப்பானுங்க, இல்லாததுக்கு நாம இன்னா செய்ய முடியும்?"

கண்ணாடியில் அவள் அழுவது தெரிந்ததும் அவன் குரல் இறங்கியது. ஒரு கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலைத் தட்டினான்.

"ஏய், இன்னாடி நீ? போயும் போயும் ஒரு கல்லுக்கா அழுவாங்க?"

பச்சை விளக்கு விழுந்தது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடிக்க, அவன் வண்டியை எடுத்தான்.